இல்வாகோ டயர் கரை: எடை குறைந்தது, சூடு ஏறியது

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆறு பசிபிக் கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இல்வாகோ என்ற சிறிய ஊர் இருக்கிறது. அதை ஒட்டிப் போகும் மாநில நெடுஞ்சாலை 100-இல், 1995-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சாலைக்கரையை, அதாவது சாலையைத் தாங்க உயர்த்திப் போடும் மேட்டை, கட்டி முடித்தார்கள். சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். 1996 தொடக்கத்தில் சாலையின் விரிசல்கள் வழியே ஆவி வரத் தொடங்கியது. அப்புறம் கரையின் அடிவாரத்தில் எண்ணெய் போன்ற கசிவு தெரிந்தது. யாரும் தீ வைக்கவில்லை, மின்கம்பியும் அறுந்து விழவில்லை. கரை உள்ளிருந்து தானாகவே சூடேறிக்கொண்டிருந்தது.

உள்ளே இருந்தது மண் இல்லை. பழைய டயர்களை வெட்டிய துண்டுகளை, ஏறக்குறைய 8 மீட்டர் தடிமனுக்குக் கொட்டி அழுத்தியிருந்தார்கள்.

இதே காலத்தில் இன்னும் இரண்டு இடங்களில் இதே கதை நடந்தது. ஒன்று அதே மாநிலத்தின் கார்ஃபீல்ட் மாவட்டத்தில், மற்றொன்று கொலராடோவின் கிளென்வுட் கேன்யனில், ஒரு தாங்குசுவரின் பின்னால் போட்ட நிரப்பில். மூன்றும் 1995-இல் கட்டியவை, மூன்றிலும் தடிமன் 8 மீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தது. அதுவரை 1988 முதல் கட்டிய, 1 மீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்ட எழுபதுக்கும் மேற்பட்ட டயர் நிரப்புகளிலும், 4 மீட்டருக்கு உட்பட்ட ஒரு பத்து நிரப்புகளிலும் இப்படி எதுவும் நடக்கவில்லை. ஒரே பொருள்தான், தடிமனைக் கூட்டியதும் வேறு மாதிரி நடந்துகொண்டது. இந்தக் கட்டுரை முழுக்க அந்த வித்தியாசத்தைச் சுற்றித்தான்.

எடையைக் குறைப்பது எதற்கு

அடித்தளம் மென்களிமண்ணாக இருந்தால், அதன் மேல் கரை கட்டுவது என்பது ஈரமான சோற்றின் மேல் செங்கல் அடுக்குவது மாதிரி. ஒன்று, வருடக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். அல்லது ஒரே நாளில் வழுக்கிப் போகும். ஏற்கெனவே சரிந்த மலைச்சரிவிலும் இதே பிரச்சினைதான்: சரிந்த இடத்தை மண் போட்டு நிரப்பினால், சரிவைத் தள்ளிய அதே எடையைத் திரும்ப ஏற்றி வைக்கிறோம்.

8 மீட்டர் உயரத்துக்குச் சாதாரண மண் போட்டால், ஒரு கன மீட்டருக்கு 2 டன் என்று வைத்துக்கொண்டால், அடித்தளத்தில் சதுர மீட்டருக்கு 16 டன் சுமை. டயர் துண்டுகள் போட்டு அழுத்தினால் கன மீட்டருக்கு ஏறக்குறைய 0.65 முதல் 0.85 டன். அதில் மேல் பக்கத்தை ஒட்டி 0.8 டன் எடுத்தாலும் சுமை 6.4 டன்தான். மீதமுள்ள 9.6 டன்னை அடித்தளம் தாங்க வேண்டியதே இல்லை. அடியில் கல்தூண் இறக்கி, தூண்களின் தலையில் வலை கட்டித் தாங்குவதைவிட இது எளிமையான வழி.

இலேசான நிரப்பு என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது தெர்மகோல், அதாவது விரிந்த பாலிஸ்டைரீன் கட்டிகள். நார்வேயில் ஆஸ்லோவுக்கு அருகே ஃப்ளோம் பாலத்தை ஒட்டிய சாலைக்கரையில் 1972-இலேயே இதைப் போட்டுவிட்டார்கள். பாலம், நிலத்துக்குள் ஆழமாக இறக்கும் தூண்களான பைல்களை அடித்து, உறுதியான தரையில் நின்றது. அணுகுசாலை 3 மீட்டர் கரிமண்ணின் மேலும் அதற்குக் கீழே 10 மீட்டர் மென்களிமண்ணின் மேலும் நின்றது. அமுங்கியதைச் சரி செய்யச் செய்ய, போட்ட கூடுதல் எடையிலேயே இன்னும் அமுங்கியது. வருடத்துக்கு 20 சென்டிமீட்டருக்கும் மேல். கடைசியில் மேலிருந்து 1 மீட்டர் நிரப்பை எடுத்துவிட்டு, அரை மீட்டர் தடிமனில் இரண்டு அடுக்கு தெர்மகோல் கட்டிகளை வைத்தார்கள். அமுங்கல் நின்றுவிட்டது. ஒரு கன மீட்டருக்கு 20 கிலோதான், மண்ணில் நூற்றில் ஒரு பங்கு எடை.

ஆனால் தெர்மகோல் பெட்ரோலியத்திலிருந்து புதிதாகச் செய்யும் பொருள். பெட்ரோல் பட்டால் கரைந்து போகும், வெள்ளம் வந்தால் மிதக்கும். களிமண்ணைச் சூளையில் பொரித்து எடுக்கும் உருண்டைகளும், கழிவுக் கண்ணாடியைப் பொடித்து 900 டிகிரிக்கு அருகே நுரைக்க வைத்துச் செய்யும் கண்ணாடி நுரைக் கற்களும் உண்டு. கண்ணாடி கழிவுதான், ஆனால் சூளைக்கு எரிபொருள் வேண்டும். மரத்தூளும் மரச்சில்லும் வாஷிங்டன் மாநிலத்திலேயே பல கரைகளில் போட்டிருக்கிறார்கள்.

இவற்றோடு ஒப்பிட்டால் டயர் துண்டுக்குத் தனிக் கவர்ச்சி. கழிவாகவே வருகிறது, வெட்டினால் போதும், சூளை வேண்டாம். அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம் அதிகம் என்பதால் மூழ்கினாலும் மிதக்காது. தண்ணீர் தடையின்றி வடிந்து போகும். ஒரு கரைக்கு லட்சக்கணக்கான டயர்கள் செலவாகும். டயர் குவியல்கள் தீப்பிடித்து மாதக்கணக்கில் எரிந்த அனுபவம் இருந்த நாட்டில், அவற்றை மண்ணுக்குள் புதைத்து வேலையும் வாங்கலாம் என்றால் யார் மறுப்பார்கள்? கரை தடிமனாக ஆக, தீர்ந்துபோகும் டயர்களின் எண்ணிக்கையும் கூடும். அந்த எண்ணிக்கை அறிக்கைகளில் நன்றாகவே இருக்கும்.

ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால்

ஒரு டயர் துண்டைக் கையில் எடுங்கள். உள்ளங்கை அளவிலிருந்து முழங்கை நீளம் வரை வரும். கறுப்பு ரப்பர் வழவழப்பாகத்தான் இருக்கும், ஆனால் வெட்டிய விளிம்பில் விரலை ஓட்டினால் குத்தும். மெல்லிய எஃகுக் கம்பிகள் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். டயரின் விளிம்பைச் சக்கரத்தோடு பிடித்து வைக்கும் வளையக் கம்பியும், ஓடும் பரப்பின் அடியில் பட்டையாகப் போகும் கம்பி வலையும் அவை. டயரின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாது எஃகு. வெட்டும் இயந்திரத்தின் கத்தி மழுங்கியிருந்தால் துண்டு வெட்டுப்படாது, கிழியும். கிழிந்தால் கம்பி இன்னும் நீளமாக வெளியே வரும், ரப்பர்த் தூளும் அதிகமாகச் சேரும்.

இந்தக் கம்பிக்கு மழைத்தண்ணீரும் காற்றும் கிடைத்தால் துரு பிடிக்கும். துரு என்பது மெதுவாக எரிவதுதான். இரும்பு ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் வெளிவருகிறது. வீட்டு வாசல் கேட்டில் அது தெரியாது, ஏனென்றால் வெப்பம் உடனே காற்றில் போய்விடும். 8 மீட்டர் ரப்பருக்கு நடுவில் அது எங்கே போகும்?

கொஞ்சம் கணக்குப் போடலாம். இது என் தோராயக் கணக்கு, அளவெடுத்தது அல்ல. ஆனால் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று இது காட்டும்.

ஒரு கன மீட்டர் நிரப்பில் 750 கிலோ துண்டுகள் என்று வைப்போம். அதில் எஃகு 75 கிலோ. ஒரு கிலோ இரும்பு முழுதும் துருவானால் ஏறக்குறைய 7.4 மெகாஜூல் வெப்பம் வெளியாகும். அந்த ஒரு கன மீட்டரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1.1 மெகாஜூல் வேண்டும். ஆக, 75 கிலோவில் ஒரே ஒரு கிலோ துருப்பிடித்து, வெப்பம் வெளியே போகாமல் நின்றால், நிரப்பு 6 அல்லது 7 டிகிரி சூடாகும். பத்து கிலோ துருப்பிடித்தால் 65 டிகிரிக்கு மேல் ஏறும். அந்த வெப்பநிலையில் ரப்பரே ஆக்சிஜனோடு வினைபுரிவது வேகமெடுக்கும், அதுவும் வெப்பம் தரும். அதன் பிறகு கம்பி தேவையில்லை, ரப்பரே தன்னைச் சூடாக்கிக்கொள்ளும். போகப் போக ரப்பர் சிதைந்து எண்ணெயாக வெளியேறும். இல்வாகோ அடிவாரத்தில் கசிந்தது இப்படி வந்ததுதான்.

இப்போது அதே கணக்கைக் காற்றின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஒரு கிலோ இரும்பு துருவாக 0.43 கிலோ ஆக்சிஜன் வேண்டும். ஒரு கன மீட்டர் நிரப்பில் வெற்றிடம் ஏறக்குறைய 0.35 கன மீட்டர். அதில் உள்ள காற்றில் இருக்கும் ஆக்சிஜன் நூறு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அது கால் கிலோ இரும்புக்குக்கூடப் போதாது. அதாவது, நிரப்பைச் சுற்றி நன்றாக மூடிவிட்டால், உள்ளே இருக்கும் காற்று முழுதும் தீர்ந்தாலும் சூடு ஒன்றரை, இரண்டு டிகிரிக்கு மேல் ஏற வழியில்லை. வினை தானாகவே மூச்சுத் திணறி நின்றுவிடும்.

எனக்கு இந்த வழக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பிரச்சினை ரப்பரில் இல்லை, எஃகிலும்கூட இல்லை. காற்று உள்ளே வந்து வெளியே போக ஒரு வழி இருந்ததா என்பதில் இருக்கிறது. நல்ல வடிகால் வேண்டும் என்று சாலைப் பொறியாளர் பழக்க தோஷத்தில் அடியில் திறந்த ஜல்லி அடுக்கைப் போடுகிறார். அது தண்ணீரை வெளியே விடும், காற்றை உள்ளே விடும். உள்ளே சூடான காற்று மேலே ஏறி விரிசல் வழியாகப் போகும். கீழே இருந்து புதுக் காற்று இழுபடும். அடுப்பில் புகைபோக்கி செய்யும் வேலையை அந்தக் கரையே செய்துகொள்ளும். எந்த அம்சத்தை நல்ல வடிவமைப்பு என்று படித்தோமோ, அதுவே இங்கே அடுப்பின் வாய்.

தடிமனின் பங்கு

ரப்பர்த் துண்டுகள் வெப்பத்தைக் கடத்துவதில் மண்ணைவிடப் பல மடங்கு மந்தம். குளிர்நாடுகளில் சாலையின் அடியில் உறைபனி இறங்காமல் தடுக்க இவற்றைப் போர்வையாகப் போடுவதே அதனால்தான். 1 மீட்டர் போர்வை நல்லது. 8 மீட்டர் போர்வை வேறு விஷயம்.

வெப்பம் வெளியேற எடுக்கும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. மேலே சொன்ன அதே எண்களோடு, வெப்பக் கடத்தலுக்கு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.3 வாட் என்று எடுத்தால், 3 மீட்டர் அடுக்கு தன் சூட்டை உதற ஏறக்குறைய 40 நாள் எடுக்கும். 8 மீட்டர் அடுக்குக்கு ஒன்பது மாதம். அந்த ஒன்பது மாதத்தில் ஒரு மழைக்காலமே வந்து போய்விடும். இல்வாகோவோ பசிபிக் கரையில் மழை கொட்டும் பகுதி. தடிமன் மூன்று மடங்குகூட ஆகவில்லை, சூட்டைத் தேக்கும் திறன் ஏழு மடங்கு.

அதனால்தான் முன்னால் கட்டிய எண்பது கரைகளின் வெற்றி, இந்த மூன்றுக்கும் எந்த உத்தரவாதமும் தரவில்லை. சிறிய கரையில் நன்றாக நடந்தது என்று பெரிய கரைக்குப் போகும்போது, சுமையையும் அமுங்கலையும் நாம் அளவுக்கேற்ப மாற்றிக் கணக்கிடுகிறோம். வெப்பத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மண் பொறியியல் பாடத்தில் அந்த அத்தியாயமே இல்லையே.

காரணங்களைத் தேடியபோது

இல்வாகோ கரையை அமெரிக்கக் கூட்டரசு நெடுஞ்சாலை நிர்வாகத்துக்காக ஆராய்ந்தவர் மெய்ன் பல்கலைக்கழகத்தின் டானா ஹம்ஃப்ரி. டயர் நிரப்புகளைப் பற்றி அதிகம் வேலை செய்தவர். அவரும் மற்றவர்களும் பட்டியலிட்ட காரணிகளில் ஒன்றும் தனியாகக் குற்றவாளி இல்லை: தாராளமாகக் காற்று, தாராளமாகத் தண்ணீர், தடிமனால் தேங்கிய வெப்பம், வெளியே நீட்டிய கம்பிகள், சிறிய துண்டுகள், அளவுக்கு மீறிய ரப்பர்த் தூள், அப்புறம் நுண்ணுயிர்களுக்கு ஊட்டம் தரும் பொருள்கள்.

கடைசியாகச் சொன்னது கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றலாம். கரையின் பக்கச்சரிவில் புல் வளர வேண்டும் என்று மேல்மண் போட்டு, விதையோடு உரமும் தெளிப்பது வழக்கம். அந்த உரம் மழையோடு டயர் துண்டுகளுக்குள் இறங்கினால், உள்ளே நுண்ணுயிர்கள் பெருகும். குப்பை உரக்குழி சூடாவது போலத் தொடக்கச் சூட்டை அவை தந்துவிடலாம். பசுமைக்காகப் போட்ட புல்லும் சந்தேகப் பட்டியலில் வந்துவிட்டது.

கரையைத் தோண்டி எடுக்க வேண்டியதாயிற்று. சூடான, எண்ணெய் படிந்த துண்டுகளைத் தோண்டுவது மண் தோண்டுவது போல் இல்லை. உள்ளே காற்று படப்படச் சூடு கூடும். கழிவைப் பயன்படுத்திய கரை, கடைசியில் தொடக்கத்தில் இருந்ததைவிட மோசமான கழிவாக வெளியே வந்தது.

1997-இல் எழுதிய விதிகள்

1997 ஜூலையில் ஒரு நிபுணர் குழு உட்சூட்டைக் குறைக்கும் வடிவமைப்பு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பிறகு இவை அமெரிக்கச் சோதனைத் தர நிறுவனத்தின் டி 6270 என்ற தரநிலையிலும் இடம்பெற்றன. ஒவ்வொரு வரியும் மேலே சொன்ன ஒரு காரணத்துக்குப் பதிலாகவே இருக்கும்.

ஓர் அடுக்கு 3 மீட்டரைத் தாண்டக்கூடாது. 1 முதல் 3 மீட்டர் வரையான நிரப்புக்கு, 38 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்குவது எடையில் 25 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது, 4.75 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்கும் தூள் 1 சதவீதத்துக்கு மேல் கூடாது. 1 மீட்டருக்குக் குறைவான நிரப்பில் இதே அளவுகள் 50 சதவீதமும் 5 சதவீதமும். அவ்வளவு தாராளம், ஏனென்றால் அங்கே வெப்பம் தேங்காது. துண்டுகளில் முக்கால்வாசியில் கம்பி 25 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டக்கூடாது, எதிலும் 50-ஐத் தாண்டக்கூடாது. ரப்பரில் ஒட்டாமல் தனியாகக் கிடக்கும் உலோகம் 1 சதவீதத்துக்குள். மரத்துண்டு, நார் எதுவும் கலக்கக்கூடாது. மேல்மண் துண்டுகளை நேரடியாகத் தொடக்கூடாது. மேலேயும் பக்கங்களிலும் ஜியோடெக்ஸ்டைல் என்ற துணி போன்ற விரிப்பை விரித்து, நுண்துகள் நிறைந்த மண்ணை அரை மீட்டர் தடிமனுக்கு இறுக்கி மூட வேண்டும். காற்றுக்கு வழி விடும் வடிகால் அமைப்புகளைத் தவிர்க்க வேண்டும்.

அரை மீட்டர் மண்ணால் மூடுவதைத்தான் நான் இவற்றில் முதலில் வைப்பேன். சல்லடை அளவை ஒரு லாரியில் தவறவிடலாம், கம்பி நீளத்தை நாலைந்து துண்டுகளில் தவறவிடலாம். மூடி நன்றாக இருந்தால் வினைக்கு ஆக்சிஜன் கிடைக்காது. மூடியில் விரிசல் விட்டால் சல்லடை எவ்வளவு துல்லியமாக இருந்தும் பலன் குறைவு.

போர்ட்லாண்டில் திரும்பவும்

மூன்று தோல்விகளுக்குப் பிறகு இந்தத் தொழில்நுட்பம் செத்துப்போயிருக்கலாம். அதே 1997-இல் மெய்ன் மாநிலத்தின் போர்ட்லாண்டில், விமான நிலையத்தருகே வரும் ஒரு சாலைச் சந்திப்பின் பால அணுகுகரைகளுக்கு மறுபடியும் டயர் துண்டுகளைப் போட்டார்கள். ஏறக்குறைய 12 மீட்டர் தடிமனான கடல்களிமண்ணின் மேல் கட்ட வேண்டிய உயரமான கரைகள். 12 லட்சம் டயர்கள் செலவாயின.

இந்த முறை துண்டுகள் பெரியவை. பெரிய துண்டு என்றால் வெட்டு விளிம்பு குறைவு, அதனால் வெளியே தெரியும் கம்பியும் குறைவு. நிரப்பை ஒரே திட்டாக அடுக்கவில்லை. ஒவ்வொன்றும் 3 மீட்டருக்குள் வரும்படி இரண்டு அடுக்காகப் பிரித்து, நடுவில் 0.9 மீட்டர் மண் போட்டார்கள். அந்த மண் அடுக்கு எடையைக் கூட்டும்தான். களிமண்ணுக்காக எடையைக் குறைக்கப் போய் நடுவில் மண் போடுவது எரிச்சலாகத் தோன்றலாம். ஆனால் அது இரண்டு அடுக்கையும் வெப்பத்தில் பிரித்து வைக்கிறது, காற்று நேராக மேலேறும் வழியையும் அடைக்கிறது. இல்வாகோவுக்கு நடந்தது போல இங்கே நடக்கவில்லை.

டயர் துண்டுகள் சுமையில் நன்றாக அமுங்கும் என்பதும் இங்கே கவனிக்க வேண்டியது. தேவையான உயரத்தைவிடக் கூட்டி அடுக்கி, மேலே மண் சுமை ஏற்றி, சில வாரம் விட்டு அமுங்க வைத்த பிறகே தளம் போட வேண்டும். அவசரக்காரர்களுக்கு இந்தப் பொருள் ஒத்துவராது.

பசுமை என்ற கணக்கு

கழிவைப் புதைத்தால் அது நீடித்த நடைமுறை என்று எழுதிவிடுவது சுலபம். இல்வாகோவில் எத்தனை டயர் தீர்ந்தது என்பது கட்டும்போது ஒரு சாதனை எண். தோண்டியபோது அதே எண் கழிவின் அளவாகிவிட்டது. அதனால் எந்த இலேசான நிரப்பையும் நான் ஒப்பிடும்போது கன மீட்டருக்கான கார்பன் கணக்கைவிட, தடிமனுக்கு உச்சவரம்பு உண்டா, வயதானபின் அதைத் தோண்டி எடுத்தால் என்ன ஆகும் என்ற இரண்டைத்தான் முதலில் கேட்பேன். தெர்மகோல் கட்டியை நார்வேயில் பல வருடம் கழித்து எடுத்துப் பார்த்தபோது வலிமை குறையவில்லை, திரும்பவும் அடுக்கலாம். கண்ணாடி நுரைக்கல் துருப்பிடிக்காது. டயர் துண்டு இரண்டு கேள்விக்கும் தயக்கத்தோடுதான் பதில் சொல்லும்.

தண்ணீர்ப் பக்கமும் இருக்கிறது. நீர்மட்டத்துக்குக் கீழே வைத்த டயர் துண்டுகளிலிருந்து இரும்பும் மாங்கனீசும் கரைந்து வருவது பழைய செய்தி. அதனால் நீர்மட்டத்துக்கு மேலே வைப்பதே வழக்கம். புதிய செய்தி 2020 டிசம்பரில் வந்தது, வாஷிங்டன் மாநிலத்திலிருந்தே. ரப்பர் சீக்கிரம் விரிசல் விடாமலிருக்க டயரில் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள், ஓசோனோடு சேர்ந்து குவினோனாக மாறி, ஓடைகளுக்கு முட்டையிட வரும் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அது பெரும்பாலும் சாலையில் தேய்ந்து போகும் டயர்த் தூளிலிருந்து வருவது. மண்ணால் மூடிய கரைக்குள் ஓசோன் அவ்வளவு போவதில்லை, ஆகவே நேரடியாகப் பொருத்திப் பேச முடியாது. ஆனால் கரையின் அடிவாரத்தில் சால்மன் ஓடும் ஓடை இருந்தால், நான் டயரை விட்டுவிட்டுக் கண்ணாடி நுரைக்கல்லைத்தான் தேடுவேன்.